எங்கே என்று கேட்ட பரிசு

பரிசு தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆக்லாந்துத் தமிழர்களில் இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. இதைத் தற்பெருமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் அனுப்பிய படிவத்தின் முதல் கேள்வி என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறது. சுருக்கம் இதுதான். பெயர் ஜஸ்வின், வயது இருபத்தொன்று, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு. மாணவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வரும் கேலிக் கட்டுரை என்னுடையது. மற்றபடி பரிசு.

என் முறையை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். பரிசு பெறுகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாரும் யோசிக்கிறார்கள். கோளாறு அங்கேதான். அவருக்காக நீங்கள் இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிற பொருளை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அம்மாவுக்குத் தேங்காய் துருவும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அதுவரை துருவியது நான். நண்பன் தேவனுக்கு அலாரம் கடிகாரம். அதுவரை காலை வகுப்புக்கு அவனைப் போனில் எழுப்பியது நான். இரண்டு பேருமே நெகிழ்ந்துபோனார்கள். அம்மா மெஷினுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்.

இந்த 2014 ஜூன் மாதம், அப்பாவின் அறுபத்து மூன்றாவது பிறந்தநாளுக்குக் காரில் மாட்டுகிற வழிகாட்டிக் கருவி வாங்கியதும் அதே முறைப்படிதான். உங்கள் மூன்றாவது கேள்வி அதையும், அதன் ஒயரோடு கிடைத்த கடிதத்தையும் பற்றியது. பதிலுக்கு நான்கு கோடு விட்டிருக்கிறீர்கள். போதாது. தனித்தாளில் எழுதுகிறேன்.

அப்பா சிவசாமி, மலேசியாவின் கிள்ளானில் தொடங்கி இந்த ஊர்வரை முப்பத்தைந்து வருஷம் தண்ணீர்க் குழாய்கள் போகும் பாதையை வரைபடமாக வரைந்தவர். ஒரு தெருப் பெயரைச் சொன்னால் அதன் அடியில் ஓடும் குழாயின் விட்டத்தைச் சொல்வார். போன வருஷக் கடைசியில் ஒரு நாள் டெய்ரி என்கிற தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். பால் வெதுவெதுப்பாக இருந்தது. "ட்ராஃபிக்," என்றார். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து டெய்ரி மூன்று தெரு தள்ளி. அந்தத் தெருக்களில் பூனை குறுக்கே போனாலே கூட்டம் என்று சொல்லலாம்.

மார்ச்சில் ஒரு பிற்பகல் எப்சமில் என் பழைய பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மூன்று மணிக்கு மணியடித்து, பிள்ளைகள் எல்லாரும் போய், கேட்டைப் பூட்டும்வரை. நான் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இன்னைக்கு அவன் வரல," என்று மட்டும் சொன்னார்.

இதில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் வெளியே கிளம்பும்போது "எங்கே" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெடும். அவசியமானால் "தூரமா?" என்று கேட்கலாம். போகிறவர் "பக்கத்துலதான்" என்பார், அல்லது "கொஞ்சம் தூரம்" என்பார். அதோடு சரி. கடல் தாண்டிக் குடியேறிய குடும்பம், ஆனால் யார் எங்கே போகிறோம் என்று வாசலில் வைத்துப் பேசிக்கொண்டதில்லை. அதனால் அப்பா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிய ஒவ்வொரு முறையும், எங்கே போகிறோம் என்று அவருக்கே தெரியாது என்பது ஆறு மாதம் எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கு இதைவிட வசதியான வழக்கம் உலகத்தில் வேறில்லை. இதைப் பற்றி நான் கட்டுரை எழுதினேன். நன்றாகச் சிரித்தார்கள்.

மே மாதம் டாக்டரிடம் அவரைக் கூட்டிப் போனது நான்தான். டாக்டர் பொறுமையாகவே சொன்னார். ஸ்பெஷலிஸ்ட் பார்க்கும்வரை இவர் கார் ஓட்டக்கூடாது, குடும்பத்தில் யாராவது ஓட்ட வேண்டும், இதைக் கடிதமாகவும் அனுப்புகிறேன் என்றார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கார் நிறுத்துமிடத்துக்கு வருவதற்குள் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

குடும்பத்தில் யாராவது என்றால் நான். அம்மா பாக்கியலட்சுமிக்கு ஓட்டத் தெரியாது. சந்தைக்கு, டாக்டருக்கு, வெள்ளிக்கிழமைதோறும் மாசி என்கிற புறநகரில் இருக்கும் செல்வநாயகி ஆன்ட்டி வீட்டுப் பஜனைக்கு, எல்லாவற்றுக்கும் நான். வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு எங்கள் பல்கலைக்கழக நகைச்சுவை நாடகத்தின் ஒத்திகை. எழுதியதும் நான், முக்கிய வேஷமும் நான். மூன்று மாதம்தான். மூன்று மாதம் கழித்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இது நியாயமான கணக்கு என்று இன்றும் படுகிறது.

கடிதம் வந்த அன்று அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். அவருக்குத் தமிழும் மலாயும்தான் வாசிக்க வரும். ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் நான் படித்துச் சொல்வதுதான் பழக்கம்.

"டாக்டர் என்ன எழுதியிருக்காரு தம்பி?"

"ரத்தம் எல்லாம் நார்மல்மா."

"கார் ஓட்டலாமாமா?"

"ஓட்டலாம். வழிதான் கொஞ்சம் மறக்குது. அதுக்கு மெஷின் இருக்கு, நான் வாங்கித் தரேன்."

"நெசமாவா லா?" என்றார். சந்தேகத்தில் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டார். நான் கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன்.

கருவியை நான் அலட்சியமாக வாங்கவில்லை; அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மூன்று கடை ஏறினேன். கடைசிக் கடையில் இருந்த விற்பனையாளர், நிதேஷ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த ஃபிஜிக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"யாருக்கு, ப்ரோ?"

"அப்பாவுக்கு."

"பெரிய திரையா எடு. என் அப்பாவுக்குச் சின்னது வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்க்கிறார், கழற்றிவிட்டு ரோட்டைப் பார்க்கிறார். அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார்."

பெரிய திரை எடுத்தேன். குரல்களை ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஆஸ்திரேலியக்காரி ஒருத்தி அவசரப்பட்டாள். அயர்லாந்துக்காரர் ஒருவர் நம்மை நம்பாதவர்போல் பேசினார். நிதானமான ஆங்கிலேயப் பெண்மணி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். அப்பா பெண்கள் சொல்வதை மறுத்துப் பேசுவதில்லை. மோட்டர்வே என்கிற அதிவேகச் சாலையைத் தவிர்த்து ஊருக்குள்ளேயே கூட்டிப்போகும் வசதியையும் நிதேஷ் காட்டினார். "வயசானவங்களுக்கு இதைப் போட்டுவிடு. அப்புறம், முதல் சில நாள் நீ பக்கத்தில் உட்கார். வழி தெரியாதவனுக்குத்தான் இது உதவும். மற்றதுக்கு மனுஷன்தான் வேணும்," என்றார். அந்த வசதியைப் போட்டால் மாசிக்குப் போய்வர நாற்பது நிமிஷம் கூடுதலாகும். இரவுச் சாப்பாடு தாமதமாகும். போடவில்லை.

பிறந்தநாளன்று நானே காரில் மாட்டினேன். சிகரெட் லைட்டர் துளையில் ஒயர் லொடலொடவென்று ஆடியது. தொட்டால் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எரிந்தது. இடுக்கில் செருக ஏதாவது வேண்டும். கோட்டுப் பையில் கைவிட்டேன். எட்டாக மடித்தால் சரியான தடிமன். அந்தக் கடிதம் அங்கே வந்தது இப்படித்தான். அப்போது எனக்கு உள்ளூரச் சிரிப்புகூட வந்தது: டாக்டர் ஓட்டக்கூடாது என்கிறார், அவர் கடிதமே வண்டியை ஓட்டிவைக்கிறது என்று. கட்டுரைக்கு ஆகும் என்று குறித்தும் வைத்தேன்.

கருவியைப் பற்றி நான் எதிர்பாராதது ஒன்றுதான். காரைக் கிளப்பியதும் திரையில் முதலில் வருவது பெரிய எழுத்தில் ஒரு கேள்வி: எங்கே போக வேண்டும்?

"அய்யோ, பொட்டி எங்கன்னு கேக்குதே," என்றார் அப்பா. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். எழுதியதை அம்மாவால் படிக்க முடியாது. ஆனாலும் விஷயம் புரிந்ததும், பக்கத்து சீட்டிலிருந்து கையை நீட்டி உள்ளங்கையால் திரையை மூடினார். குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல. "நீங்க எடுங்க, ஒண்ணும் கேக்கல," என்றார். கார் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகுதான் கையை எடுத்தார். அதன்பின் ஆன்ட்டி வீட்டு முகவரியைச் சேமித்து நான் சொல்லிக்கொடுத்திருந்த நட்சத்திரப் பொத்தானை அமுக்கினார். ஆங்கிலேயப் பெண்மணி பேச ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான். நான் வாசலில் நின்று பார்த்துச் சிரித்திருக்கிறேன். உடனே நாடகத்தில் சேர்த்தேன். செயற்கைக்கோள் கேள்வி கேட்கிறது, ஒரு தமிழ் அம்மா அதன் வாயைப் பொத்துகிறாள். ஒத்திகையில் மற்ற காட்சிகளைவிட இதற்குத்தான் அதிகச் சிரிப்பு. வேஷத்துக்கு அம்மாவிடமே ஒரு சேலை கேட்டேன். மாம்பழ மஞ்சளில் ஒன்றைத் தேய்த்து மடித்துக் கொடுத்தார்.

"என்ன வேஷம் தம்பி?"

"ராணி வேஷம்மா."

"தோள்ல ரெண்டு பின்னு குத்திக்கோ. ராணி தடுக்கி விழுந்தா நல்லா இருக்காது லா."

ஆகஸ்ட் மாதம் எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை. நான் சேலையைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா அறை வாசலில் வந்து நின்றார். அவர் எதையும் இரண்டு முறை கேட்கிறவர் இல்லை.

"இன்னைக்கு மட்டும் கூட வாயேன். அப்பா காலையிலேருந்து ஒரு மாதிரி இருக்காரு."

"மெஷின் இருக்குல்லம்மா."

"இருக்கு," என்றார். சேலை முனையைப் பைக்குள் தள்ளிவிட்டார். "சரி, நீ போய்ட்டு வா," என்றார். எங்கே என்று கேட்கவில்லை.

மற்றதெல்லாம் உங்களிடம் இருக்கிறது. நேரம், ரோடு நிலவரம், பின்னால் வந்து மோதிய லாரிக்காரரின் வாக்குமூலம். இந்த வருஷம் மாசிப் பக்கம் போகும் மோட்டர்வேயில், கடலோரப் பகுதியில், அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரம் முழுக்கக் கூம்புகள், ஒதுங்க இடமில்லை. லாரிக்காரர்மேல் தவறில்லை. உங்களிடம் இல்லாதது அப்பா சொன்னது மட்டும்தான். கழுத்தெலும்பு முறிந்து படுத்திருந்த அப்பா, மருத்துவமனையில் என்னிடம் தெளிவாகச் சொன்னார். அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவ்வளவு தெளிவாக அவர் எதுவும் சொல்லவில்லை.

"பொட்டி திடீர்னு அணைஞ்சுருச்சு. திரும்ப எரிஞ்சது. எங்கன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியல. தெரியாம ஓட்டக்கூடாதுல்ல? நிறுத்திட்டேன்."

"அம்மா என்னப்பா பண்ணாங்க?"

"கையால மூடினா."

நட்சத்திரத்தை அமுக்கியிருந்தால் போதும். நான் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை அம்மாமேல் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் மேடையில், மஞ்சள் சேலையில், அட்டையால் செய்த ஒரு திரையைக் கையால் பொத்திக்கொண்டிருந்தேன். தேவன் போனை நீட்டினான். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்ததால் அவன் சொன்னது முதல் தடவை காதில் விழவில்லை.

ஆக, உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில்: கடிதம் வந்தது எனக்குத் தெரியும். அதில் இருப்பது தெரியும். அம்மாவிடம் மாற்றிச் சொன்னது நான். அதை அந்த இடுக்கில் வைத்ததும் நான். மழை ஈரத்தில் அது இளகியிருக்கலாம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். சரியாகத்தான் இருக்கும். அப்பாவிடம் எதுவும் கேட்காதீர்கள். கார் ஓட்டக்கூடாது என்பது அவரிடம் சொல்லப்பட்டது ஒரே ஒரு முறை, அதை வீட்டுக்கு வந்து நினைவூட்ட வேண்டியவன் நான். அம்மாவைக் கொன்றது யார் என்று உங்கள் மரண விசாரணைப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. இருந்தால் அதற்கு நான்கு கோடு போதும், ஒன்றே போதும்.

அப்பா தினமும் கேட்கிறார், அம்மா எங்கே என்று. முதல் இரண்டு முறை உண்மையைச் சொன்னேன். இரண்டு முறையும் அவருக்கு அது புதிய செய்தி. மூன்றாவது முறையிலிருந்து, "கொஞ்சம் தூரம் போயிருக்காங்கப்பா," என்கிறேன். தலையாட்டுகிறார். மேற்கொண்டு கேட்பதில்லை.

மாசியில் நல்ல முதியோர் இல்லம் ஒன்று பார்த்திருக்கிறேன். இதையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஐந்து இடம் ஏறி இறங்கினேன். இங்கே குளிப்பாட்டுகிறார்கள், ஊட்டிவிடுகிறார்கள், ராத்திரி எழுந்து நடந்தால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைக்கிறார்கள். இதுவரை இவையெல்லாம் செய்தது நான். அவருக்கு இதைவிட நல்லது அமையாது.

இன்று காலை அழைத்துப் போனேன். தேவனின் காரைக் கேட்டு வாங்கினேன். போலீஸ் பிளாஸ்டிக் பையில் திருப்பித் தந்த கருவியை, மூலையில் ஒரு கீறல் தவிர நன்றாகவே இருந்தது, கண்ணாடியில் ஒட்டினேன். மாசிக்கு எனக்கு வழி தெரியும். மோட்டர்வே வேண்டாம் என்று அதனிடம் சொல்லத்தான் மாட்டினேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தூரமா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தூரம்பா."

சாவியைத் திருப்பினேன். திரை வெளுத்து எரிய ஆரம்பித்தது. எழுத்து வருவதற்குள் இடது கையை நீட்டி, உள்ளங்கையால் அதை மூடினேன். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கும்வரை கையை எடுக்கவில்லை.