பென்சிலில் எழுதிய வரி

ஒரு வீட்டில் நாயைக் கட்டிப்போட்டு வளர்க்கிறார்களா, அவிழ்த்துவிட்டு வளர்க்கிறார்களா என்று பார்த்தாலே அந்த வீட்டுப் பையனைப் பற்றிப் பாதி அறிக்கை எழுதிவிடுவேன். சிரிக்கலாம் வக்கீல் மேடம், தப்பில்லை. முப்பத்தோரு வருடமாக அதுதான் என் பிழைப்பு. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றுக்கு ஆள் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். இன்று அதே அணியில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் தலைமை நிர்வாகி. கல்லூரி மைதானத்தில் ஒருவன் ஓடும் வேகத்தை அளக்கக் கடிகாரம் போதும். ஆளை அளக்க அவன் அம்மாவின் சமையலறையில் உட்கார வேண்டும்.

ஆமோஸ் டார்வரின் வீட்டுக்கு நான் போனது பதினோரு வருடம் முன்பு, மார்ச் மாதத்தில். மிசிசிப்பியில், பருத்திக் காட்டை ஒட்டிய வீடு. நாய் அவிழ்த்துவிடப்பட்டிருந்தது, என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. பந்தைக் கையில் இறுக்கிக்கொண்டு ஓடிவருகிறவனை மோதிச் சாய்ப்பது ஆமோஸின் வேலை. அவன் மோதினால் அந்தச் சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்கும். அவன் அம்மா வெர்லீன், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கெளுத்தி மீன் வறுத்து, சோள ரொட்டி சுட்டு வைத்திருந்தார்.

"ஒல்லிக்குச்சி மாதிரி இருந்துக்கிட்டு எம்மவனை எடைபோட வந்துட்டீங்களே, மிஸ்டர் லைல். மொதல்ல நீங்க சாப்பிடுங்க" என்றார்.

சாப்பிட்டேன். அந்த மாதிரி மீனை அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, பின்னும் சாப்பிட்டதில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு கொடுக்க ஆமோஸ் வெளியே போனதும் வெர்லீன் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவன்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். ஆனா நீங்க என் மேசையில சாப்பிட்ட ஆளு. போன நவம்பர்ல விருந்துக்கு வந்தான். முள்கரண்டி கையிலேர்ந்து நழுவிச்சு. ரெண்டு கையும் மரத்துப்போச்சுன்னான். முந்தின நாள் ஆட்டத்துல கழுத்துல அடி. பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவும் ஒரு தடவை இப்படித்தான். செத்தாலும் டாக்டர்கிட்ட வாயத் தொறக்க மாட்டான். நீங்க சொல்லுங்க. கழுத்து சரியில்லன்னு அவங்க சொன்னா அவன் ஆடவே வேணாம். நான் பாத்துக்கறேன் எம்புள்ளைய."

"கண்டிப்பா சொல்றேம்மா."

"எழுதிக்குங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க."

சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருப்பேன். அதில் பென்சிலால் எழுதினேன்: கழுத்து. இரு கைகளும் மரத்தன. இரண்டு முறை. அம்மா சொன்னது. அவரிடம் படித்தும் காட்டினேன். மீதி மீனைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்து அனுப்பினார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. அது தெரியாவிட்டால் உங்களுக்கு இந்த விஷயம் பிடிபடாது. வருடத்துக்கு ஒருமுறை, புது ஆட்களை எடுப்பதற்கு முன், ஆள் பார்க்கிறவர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஒவ்வொருவரும் ஒரே ஒருவனுக்காக மட்டும் எழுந்து நின்று, "இவன் என் ஆள்" என்று சொல்லலாம். அவன் ஜெயித்தால் நீ ஜெயித்தாய். தோற்றால் அடுத்த வருடம் உன் குரலுக்கு மதிப்பு குறையும். நான் நான்கு முறை எழுந்து நின்றிருந்தேன். நான்கு பேரும் தேறவில்லை. அப்போது எங்களுக்குத் தலைவராக இருந்த ஹார்லன் டாஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "லைல், போன தடவை நீ கொடுத்த ஆளு இப்ப எங்க ஊர்ல ஃப்ரிட்ஜ் விக்கிறான்யா. போன வாரம் எனக்கே ஒண்ணு வித்துட்டான். ஆட்டத்துலதான் ஒண்ணும் தேறல, வியாபாரத்துல கெட்டிக்காரன்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதனால்தான் செய்தேன் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மருத்துவப் பரிசோதனை நடக்கும் வாரத்தில் அணியின் டாக்டர் நூஸ்பாம் எங்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். அதுவும் ஒரு பழக்கம். கழுத்து, தலை சமாச்சாரத்தை அணிக்குக் கொடுக்கும் அறிக்கையில் நாங்கள் எழுத மாட்டோம். மற்ற அணிகளுக்குக் கசிந்துவிடும். வாயால்தான் சொல்லுவோம்.

"லைல், டார்வர்னு ஒருத்தன் வர்றான். கழுத்து, தலைன்னு ஏதாவது உண்டா? முந்நூறு பேரைப் பாக்கணும். நீங்க சொல்ற எடத்துலதான் ஸ்கேன் எடுக்க முடியும்."

"முழங்கால்ல பழைய வீக்கம் ஒண்ணு இருக்கு டாக்டர். வேற ஒண்ணுமில்ல."

"உங்களை நம்பி விட்டுடறேன்."

"விடுங்க."

முழங்காலில் வீக்கம் இருந்தது உண்மை. அதை நான் கற்பனை செய்யவில்லை.

மேசையில் எழுந்து நின்று "ஆமோஸ் டார்வர் என் ஆள்" என்றேன். எடுத்தார்கள். அவன் ஆடிய ஆட்டத்தை ஊரே பார்த்தது. இரண்டாவது வருடமே டாஸ் ஓய்வுபெற்று அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். வெர்லீன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார். 'டாக்டரை நன்றாகப் பார்க்கச் சொன்னதற்கு நன்றி' என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரி இருக்கும். அட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளை கொண்டுவருகிறேன்.

மூன்றாவது வருடம் அக்டோபரில் ஆமோஸ் என் அறைக்கு வந்தான். கதவோரமே நின்றான்.

"மிஸ்டர் லைல், நேத்து பயிற்சியில ரெண்டு கையும் கொஞ்ச நேரம் என்னோடதாவே இல்ல. டாக்டரைப் பாக்கட்டுமா?"

டாக்டர் பார்த்திருந்தால், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டிருப்பார். அவன் சொல்லியிருப்பான். அடுத்து வெர்லீனுக்குத் தெரிந்திருக்கும், "லைல்கிட்ட அப்பவே சொன்னேனே" என்று அவர் வந்து நின்றிருப்பார். இவ்வளவும் அவன் கதவோரம் நின்ற அந்த நேரத்துக்குள் எனக்கு ஓடிவிட்டது. ஆட்டத்தில் அடுத்த நகர்வு என்னவென்று யோசிக்கிற மூளை, வேறு இடத்திலும் அப்படியே வேலை செய்கிறது.

"இது எல்லாருக்கும் வர்றதுதான்டா. ஐஸ் வை. டாக்டர்கிட்ட போனா ஆறு வாரம் உக்கார வெச்சிடுவாரு. உன் எடத்துக்கு ஆள் காத்துக்கிட்டிருக்கான்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி" என்று போய்விட்டான்.

நான்காவது வருடம் நவம்பர். இரண்டாம் பாதி தொடங்கி மூன்றாவது நிமிடம். தலையைக் குனிந்து மோதினான். மோதப்பட்டவன் எழுந்தான், ஆமோஸ் எழவில்லை. மேலே கண்ணாடி அறையில் என்னோடு இருந்தவர்கள் எல்லோரும் அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொலைநோக்கியில் அவன் விரல்களைப் பார்த்தேன். எங்கே பார்க்க வேண்டும் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கழுத்துக்குக் கீழே அவனுக்கு இன்றுவரை எதுவும் அசையாது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வெர்லீன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதினீங்கதானே?"

"எழுதினேம்மா. நீங்கதான் பாத்தீங்களே."

"டாக்டர்கிட்ட சொன்னீங்கதானே?"

"சொன்னேன். அவர் காதுல போட்டுக்கல."

இப்படிச் சொல்வேன் என்று நான் நினைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. முதல் விசாரணையில் அதையேதான் திரும்பச் சொன்னேன். அறிக்கையில் இல்லையே என்று கேட்டார்கள். கழுத்து விஷயத்தை அறிக்கையில் எழுதுவதில்லை என்றேன். அது உண்மை என்று தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நூஸ்பாமுக்கு அப்போது எழுபது வயது. நான் பொய் சொல்கிறேன் என்று அவர் கத்துவார் என எதிர்பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "நீங்க சொல்லியிருப்பீங்க லைல். நான்தான் மறந்திருப்பேன். அந்த வாரம் முந்நூறு பேர்" என்றார். மறு மாதம் வேலையை விட்டார். அதன்பின் ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை என்று கேள்வி.

எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது பாதியில் கை நின்றுவிடுகிறது. ஏழு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆமோஸைப் பார்க்கப் போகிறேன். அவனோடு ஆடியவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை. வெர்லீன் எனக்கு மீன் வறுத்துத் தருகிறார்.

இந்த வசந்தத்தில் நூஸ்பாமிடமிருந்து ஆமோஸுக்கு ஒரு கடிதம் வந்தது. வெர்லீன் சத்தமாகப் படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் கழுத்தைப் பற்றி எச்சரித்தும் நான் கவனிக்கவில்லை, ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன், மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தகுதியில்லை என்று எழுதியிருந்தார். ஆமோஸ் மேற்கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "பாவம் அந்தப் பெரியவர். மிஸ்டர் லைல், எனக்கு அவர் மேல கோவம் இல்லன்னு நீங்களே நேர்ல போய்ச் சொல்லிடுங்க. உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்."

சொல்கிறேன் என்றேன். போகவில்லை. பதினெட்டாம் நாள் அவர் இறந்துவிட்டார். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். அவர் மனைவி கேட்டுக்கொண்டார், மறுக்க முடியவில்லை. அடக்கம் முடிந்து நேராக, ஆமோஸின் வக்கீல் என்று உங்களுக்குத்தான் போன் செய்தேன்.

இதோ, அந்த நோட்டுப் புத்தகம். பதினோரு வருடமாக என் மேசை இழுப்பறையில் இருந்தது. நடுப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு எழுத்துகூடக் கலையவில்லை. பென்சில் எழுத்து மேடம், பின்பக்கத்து ரப்பரால் இரண்டு தேய்ப்பில் போயிருக்கும். நான் அழிக்கவில்லை. ஆமோஸிடம் சொல்லும்போது அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.