அம்மா ஒளித்து வைத்த டப்பா

– நீதானேடி சொன்னே, கால்ல விழுந்து கேட்டாலும் குடுக்காதேன்னு. கேட்டுக்கோ, நீ இன்னும் கால்லகூட விழல.

– அது போன வாரம்மா. நாளைக்குப் பரீட்சை. ஒரே ஒரு மாத்திரை குடு. மிச்சத்தை டப்பாவோட சாக்கடையில கொட்டிடு.

– போன பரீட்சைக்கும் ஒண்ணே ஒண்ணுதான். முழுங்கிட்டு என்ன பண்ணே? வீட்ல இருந்த அத்தனை புஸ்தகத்துக்கும் அட்டை போட்டே. கேஸ் பில்லுக்குக்கூட அட்டை.

– படிச்சிட்டுத்தான்மா போட்டேன்.

– நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு என் கையை எடுத்து வச்சுக்கிட்டு அழுதது யாரு? கேட்டுக்கோ, கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து தையல் மெஷின் மிதிக்கிறேன். அந்த வேகத்தை எந்த மெஷின்லயும் பாத்ததில்ல.

– அது இல்லாம இப்பப் படிக்கவே வரலம்மா. ரெண்டாவது வரிக்குப் போறதுக்குள்ள முதல் வரி மறந்துபோகுது.

– அதையேதானே முழுங்குறா உன் நெட்டைச் சிநேகிதி, அந்த ஒட்டகம், அவ மட்டும் எப்படிப் படிக்கிறா?

– அது அவளுக்கு டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து. அவளுக்கு மனசு ஒரு இடத்துல நிக்காது, அதுக்கு. நாங்க சும்மா வாங்கிப் போட்டுக்கிறோம். பாதி கிளாஸ் அவகிட்டதான் வாங்குது.

– நல்ல காலேஜ். வாசல்ல மருந்துக்கடைன்னு போர்டு மாட்டச் சொல்லு.

– விளையாடாதம்மா. பெயிலானா ஒரு வருஷம் போயிடும்.

– போகட்டுமே. வருஷம் போனா அடுத்த வருஷம் வரும். நீ போனா அடுத்த பொண்ணா வரப்போறா?

– சரி, குடுக்காதே. நானே தேடிக்கிறேன். பட்டன் டிராயர்ல இல்ல. நூல்கண்டுக்கு அடியிலயா?

– ஏய், அந்த அடுக்கைத் தொடாதே. யூனிஃபார்ம் கசங்கிடும்.

– இவ்வளவும் நீயாம்மா தைச்சே? ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடியாது, துணியைத் திருப்பிக் குடுத்துடறேன்னு புலம்பினியே.

– பெரிய பசங்களோடது முடிஞ்சுது. ஒரு ஊருக்கே தைச்சிருக்கேன். காலரைப் பாரு, ஒரு பிசிறு இருக்கா?

– உன் தட்டுல சோறு ஏன் அப்படியே காய்ஞ்சு கிடக்கு?

– இன்னும் சாப்பிடல. பசி இல்ல.

– இதோ இருக்கு டப்பா. துணிக்கு அடியிலயே வச்சிருக்கே. அம்மா, இது காலி.

– நேத்து வரைக்கும் இருந்ததுடி.

– எனக்கு ஒண்ணாவது வச்சிருக்கக் கூடாதாம்மா?

– சின்னப் பசங்க யூனிஃபார்ம் மொத்தமும் இன்னும் தைக்காம கிடக்கு. ஒட்டகத்துக்கு போன் போடு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்தே கேளு.