எதிர்வீட்டு வெள்ளைச் சுவர்

மேகம் மூடிய நாளில் படம் எடுக்க யாரும் தயங்க வேண்டியதில்லை, மேடம். முகத்துக்கு அதைவிடப் பதமான வெளிச்சம் கிடையாது. வருகிறவர்கள்தான் "இன்னைக்கு வெயிலே இல்லையே, நாளைக்கு வரவா?" என்று இழுப்பார்கள். உட்காரவைத்து எடுத்துக் கொடுத்தால் வாயடைத்துப் போவார்கள்.

என் ஸ்டுடியோவில் விளக்கு கிடையாது. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட ஃப்ளாஷைத் தொட்டதில்லை. அது பொய் வெளிச்சம். மூக்கைச் சப்பையாக்கிவிடும், நல்ல மனுஷனையும் திருட்டு முழி முழிக்கவைக்கும். எனக்கு இருந்ததெல்லாம் ஒரு ஜன்னல். மதியத்துக்கு மேல் அதிலும் நேர் வெயில் வராது. சந்துக்கு அந்தப் பக்கம் கண்டக்டர் அண்ணன் வீட்டின் சுண்ணாம்புச் சுவர் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிறதே, மூன்று மணிக்கு மேல் வெயில் அதில் விழும். விழுந்து திரும்பி, காய்ச்சி ஆறவைத்த பால் மாதிரி என் அறைக்குள் வரும். நாலரை மணி வரைக்கும் இருக்கும். நான் எடுத்த நல்ல படங்கள் அத்தனையும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எடுத்தவை.

அண்ணன் தங்கமான மனுஷன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தும் பஸ் அவரை விட்டு இறங்கவில்லை. என் வாசலில் நாலு பேர் நின்றால் போதும், "உள்ள தள்ளிப் போங்க, உள்ள நெறைய எடம் இருக்கு" என்று அவர் வாசலிலிருந்தே விரட்டுவார். அவர் மகளின் கல்யாணப் படம் நான் எடுத்ததுதான்.

போன மாதம் அவர் ஒரு பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றார். கரும்பச்சை.

"வெள்ளச் சுவர் மழைக் கறையெல்லாம் காட்டிக் குடுக்குது தம்பி. உங்க அண்ணி தெனம் புலம்புறா. ஆள் எதுக்கு, நானே ஏறி அடிச்சிடுறேன்."

நான் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன். நானே வருடா வருடம் சுண்ணாம்பு அடித்துத் தருவதாகச் சொன்னேன். மனுஷன் ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் என் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"வெளிச்சம் வேணும்னா ஒரு லைட்டு வாங்கிப் போட்டுக்கயேன். ஊரு உலகமே லைட்டு போட்டுத்தானே படம் எடுக்குது?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் அவர் மேல் கோபம் வரவில்லை. அன்று ராத்திரி நன்றாகவே தூங்கினேன். இனிப் பேசிப் பயனில்லை என்பது மட்டும் விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ரெண்டரைக்குத்தான் அவர் டப்பாவைத் திறந்தார்; சாயங்காலம் நான்கு மணிக்கு ஏணியின் உச்சியில் இருந்தார். அண்ணி வேலையிலிருந்து வர ஐந்தரை ஆகும். அந்த முட்டுச் சந்தில் வேறு ஆள் நடமாட்டம் கிடையாது. வந்தவர்களை உட்காரவைக்கும் முன் தலைவாரச் சொல்வேனே, அந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் தொப்பி போட்டிருந்தார். மேலேயிருந்து வரும் வெயில் அவரை ஒன்றும் செய்யாது. தொப்பி போட்ட முகத்துக்கு வெளிச்சத்தைக் கீழேயிருந்துதான் கொடுக்கவேண்டும். தொழில் தெரிந்த எவரும் அதைத்தான் செய்வார். கண்ணாடியைக் கைப்பிடிச் சுவரின் மேல் படுக்கவைத்து, என் பக்கத்து ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன். சுவரில் ஒரு வெளிச்சக் கட்டம் ஊர்ந்து போய் அவர் தோளில் ஏறியது.

"அண்ணே, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்றேன். வழக்கமாகச் சொல்வதுதான்.

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினார். என்னைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தார்.

கேமராவை எதற்கு மாடிக்குக் கொண்டுபோனாய் என்று நேற்று கேட்டீர்கள். நல்ல வெளிச்சம் இருக்கும் இடத்துக்குக் கேமரா இல்லாமல் போய் எனக்குப் பழக்கமில்லை. கண் கூசி அவர் ஏணியை விட்டுவிட்டுக் கையைத் தூக்குவதற்கு முன்னால், கண்ணை மூடித் திறக்கிற நேரம், அந்த முகம் இருந்ததே! வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் எடுத்ததில்லை.

விழுந்த பிறகும் அவருக்கு உயிர் இருந்தது. தம்பி, தம்பி என்று முனகினார். நான் கீழே இறங்கி, கண்ணாடியை அதன் ஆணியில் மாட்டினேன். சுவரில் பாதிதான் பச்சையாகியிருந்தது. மிச்ச வெள்ளையிலிருந்து அறைக்குள் இன்னும் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அதை வீணாக்க மனம் வராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாலரைக்கு வெளிச்சம் போனது. சந்திலும் சத்தம் நின்றிருந்தது. ஸ்டுடியோவைப் பூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய், மதியம் கண் அயர்ந்திருந்த அவளிடம் ரெண்டு மணிக்கே வந்துவிட்டதாகச் சொன்னேன்.

ஏணி சறுக்கிவிட்டது என்றார்கள். அண்ணி என்னிடம் வந்து, "சிரிச்ச முகமா அவர் படம் ஒண்ணுகூட இல்லையே தம்பி" என்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு, சட்டமும் மாட்டிக் கொடுத்தேன். பின்னால் தெரியும் சுவரை வெட்டியிருக்கலாம். வெட்டினால் படம் செத்துப்போகும், மேடம்.

விபத்து என்று எழுதி முடிக்கத்தானே நீங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்தீர்கள்? என்னையும் கூப்பிட்டனுப்பி, அங்கே மாட்டியிருந்த அந்தப் படத்தைக் காட்டி, "இவர் கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு சின்னக் கட்டம் தெரியுதே, அது என்ன?" என்று கேட்டீர்கள். முப்பத்தோரு வருடத்தில் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீங்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறதோ அதன் உருவம் கண்ணில் விழும், ஜன்னல் என்றால் ஜன்னல், கண்ணாடி என்றால் கண்ணாடி என்று விளக்கினேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். அதற்குப் பிறகுதான், "பின்னாடி சுவர் பாதி கறுப்பா இருக்கே, அன்னைக்கு ரெண்டு மணிக்கே நீங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டீங்கல்ல?" என்றீர்கள். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

வாக்குமூலத்தை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தில், "கண்ணில் லைட் அடித்து" என்று உங்கள் ரைட்டர் எழுதியிருக்கிறார். அதை மட்டும் தயவுசெய்து திருத்தச் சொல்லுங்கள். நான் லைட் எதுவும் அடிக்கவில்லை, மேடம். அது முழுக்க முழுக்கச் சூரிய வெளிச்சம்.