வெட்டி எடுத்த குரல்

வயரைக் குத்தினால் மட்டும் போதாது சேர். அரை மணித்தியாலமாக என் போனைப் பொலிஸ் கொம்பியூட்டரில் குத்துகிறீர்கள், கழற்றுகிறீர்கள். அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். போனின் பூட்டைத் திறந்துவிட்டுத் திரையை மேலிருந்து கீழே இழுங்கள். ‘யூ.எஸ்.பி’ என்று ஒரு வரி தெரியும். அதைத் தொட்டு ‘ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். பார்த்தீர்களா, திறந்துவிட்டது.

உங்களைக் குறை சொல்லவில்லை. கல்முனை பஸாரில் பதினான்கு வருடமாகப் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்த ஒரு வரி தெரியாமல் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களில் டொக்டரும் இருந்தார், பள்ளி அதிபரும் இருந்தார். “படமெல்லாம் வயருக்குள்ள சிக்கிட்டா தம்பி?” என்று அந்த அதிபர் கேட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். இன்னும் சிலர் போனின் முதுகிலேயே ரகசிய இலக்கத்தை எழுதி ஒட்டிக்கொண்டு வருவார்கள். தங்கள் வீடு வாசல் முழுவதையும் என் கையில் தந்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குத் தேநீர் குடிக்கப் போவார்கள். நான் எதையும் நோண்டியதில்லை. நோண்டுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இருப்பதில்லை.

ஸுஹைறாவும் அப்படித்தான் வந்தார். மருதமுனையில் பாலர் பாடசாலை ரீச்சர். அவருடைய கணவன் ஸஹீத் கட்டாரில் வேலை செய்த இடத்தில் மௌத்தாகி மூன்று வருடம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஜனாஸாவின் முகத்தை இவர் பார்க்கவில்லை. ஐந்து வயது மகள் முஸ்பிறாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். போனின் பற்றரி ஊதி, மூடி பிளந்து போயிருந்தது.

“இதுக்குள்ள அவர்ர வொயிஸ் எல்லாம் இரிக்கி நானா. மகளோட கதைச்சது, பாட்டுப் படிச்சது. பாடசாலைக் கொம்பியூட்டர்ல குத்தினன், சார்ஜ் மட்டும்தான் ஏறிச்சி. போன் செத்துப் போறத்துக்குள்ள எடுத்துத் தாங்க.”

“வேற எங்கயும் பதிஞ்சி வெச்சிருக்கிங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல நானா. எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்.”

சிரித்துக்கொண்டு சொன்னார். ஒரு மனிதனின் குரல் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது ஊதிப்போன ஒரு போனுக்குள். அதைக் காப்பாற்றி வைக்க மூன்று வருடமாக ஒரு நாள்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. அப்படி ஒருவருக்கு அந்தக் குரல் எதற்கு என்று நான் நினைத்தது தப்பா, நீங்களே சொல்லுங்கள்.

போனைக் கொம்பியூட்டரோடு தொடுத்தேன். இருநூற்றுப் பதினேழு குரல் பதிவுகள். எல்லாவற்றையும் தெரிவு செய்து ‘கொப்பி’ கொடுப்பதற்குப் பதிலாக ‘கட்’ கொடுத்தேன். ‘கொப்பி’ கொடுத்தால் இரண்டு இடத்திலும் இருக்கும். ‘கட்’ கொடுத்தால் என்னிடம் மட்டும் இருக்கும். நான்கு நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “வாப்பா வாறாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தது.

“ஒண்டும் மிச்சமில்ல தங்கச்சி. உள்ளுக்குப் பழுதாப் போயிட்டு” என்றேன்.

அவர் அழவில்லை. போனை வாங்கி முந்தானைக்குள் சுற்றினார். “அல்லாஹ்ட நாட்டம்” என்றார். “பரவால்ல நானா, நீங்க ஏலுமானதச் செஞ்சீங்க.” போகும்போது எனக்குத் துஆச் செய்தார்.

என் ராத்தா, மூத்த சகோதரி, ஸுஹைறாவின் வீட்டுக்குப் போய் எனக்குப் பெண் கேட்டதை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அது அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர். ராத்தாவின் விருப்பத்துக்காக நான் மறுக்காமல் இருந்தேன். ‘றஸ்மி நானாவ நான் கூடப்பொறந்த நானா மாதிரித்தான் நெனைக்கன்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் அன்று அணிந்திருந்த நிறத்தை ராத்தா சொன்னதுகூட இப்போது கேட்டதால்தான் ஞாபகம் வருகிறது. இளநீலம்.

பிறகு வரிப்பத்தான்சேனையில் இருந்து ஒரு மாப்பிள்ளை பேசி வந்தது. ஸஜாத் என்று பெயர். வயல்காரன். ஒருமுறை கடைக்கு வந்து, போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னவன். ஸுஹைறாவின் மூத்த சகோதரர் நளீம் காக்கா பஸாரில் எல்லாரிடமும் சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். என்னிடமும் சொன்னார்.

அந்தப் பதிவுகளில் ஒன்றில் ஸஹீத் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்தைப் பற்றிக் கதைத்திருந்தான். “அந்தக் கலியாணம் நமக்கு வேணாம் புள்ள, மகளுக்குக் காய்ச்சல், வீட்டயே இரி.” ‘புள்ள’ என்ற சொல்லோடு வெட்டினேன். கடையில் விற்காமல் கிடந்த ஒரு சிம்மைப் போட்டு, ஸுஹைறாவின் புதுப் போனுக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் நான் இட்டுக்கட்டவில்லை. எல்லாம் அவளுடைய புருசன் வாயால் வந்தது.

கலியாணம் நின்றது. நளீம் காக்கா காரணம் தெரியாமல் கத்தித் திரிந்தார். ஸுஹைறா ஒருவருக்கும் சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னார், அந்த இலக்கத்துக்கு.

“நீங்க எங்க இரிக்கீங்க? மௌத்தெண்டு ஏன் சொன்னாங்க? உங்கள ஆராவது புடிச்சி வெச்சிருக்காங்களா? நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஒரு சொல்லுக் கதைங்க.”

ஒரு ரீச்சர் நம்புகிற விசயமா இது, சேர்? எந்த இலக்கம், யார் பெயரில் என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். கதைப்பதெல்லாம் பழைய கதை என்று கொஞ்சம் யோசித்திருந்தாலே பிடிபட்டிருக்கும். அவர் யோசிக்கவில்லை. ஜும்ஆ முடிந்ததும் வெள்ளிக்கு வெள்ளி ஒன்று அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதிலாவது வரும். சமைத்ததைச் சொல்வார். பிள்ளைக்குப் பல் விழுந்ததைச் சொல்வார். ஒரு நாள் வெறுமனே மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. எல்லாவற்றையும் ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். ஆதாரமாக இருக்கட்டும் என்றுதான் அழிக்காமல் வைத்திருந்தேன்.

விமான நிலைய விசயத்துக்கு வருகிறேன். முஸ்பிறா கைக்குழந்தையாக இருந்தபோது ஸஹீத் ஒருமுறை லீவில் வந்தவன். அப்போது அனுப்பியது: “வெள்ளிக்கிழமை காலமயில இறங்குவன். புள்ளயத் தூக்கிட்டு எயார்போட்டுக்கு வா.” அதை முழுதாகவே அனுப்பினேன். வெட்டுவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. போவாரா என்று பார்க்க விரும்பினேன். கல்முனையில் இருந்து கட்டுநாயக்கவுக்கு அவ்வளவு தூரம், தனியாக ஒரு பெண், பிள்ளையோடு. புத்தியுள்ளவர் என்றால் போகமாட்டார்.

மூன்று நாள் அங்கே நின்றிருக்கிறார். ஒவ்வொரு விமானத்துக்கும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதாக நீங்கள்தான் சொன்னீர்கள். பிள்ளை யாரோ ஒரு ஆளை வாப்பா என்று கட்டிப் பிடித்ததையும், அந்த ஆள் கையை விலக்கிவிட்டுப் போனபோது ஸுஹைறா நிலத்தில் குந்திக் கத்தத் தொடங்கியதையும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். இப்போது ஆஸ்பத்திரியில் யாரோடும் கதைப்பதில்லையாம், போனை மட்டும் காதில் வைத்திருக்கிறாராம். நளீம் காக்கா அந்த இலக்கத்தைக் கொண்டுவந்து தந்திருக்காவிட்டால் உங்களுக்கு என் கடை தெரிந்திருக்காது.

ஆம், நான்தான் செய்தேன். குரலை எடுத்தது, வெட்டியது, அனுப்பியது, எல்லாம் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் இன்னும் அனுப்பாத ஒன்று, நீங்கள் இப்போது என் போனில் திறந்த கோப்புறையில் கடைசியாக இருக்கிறது. அடுத்த வெள்ளிக்காக வைத்திருந்தேன். அதையும் கேட்டுவிட்டு எழுதுவது உங்களுக்கு நல்லது, இல்லாவிட்டால் என்னைப் பற்றிப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள். ஸஹீத் சொல்கிறான்: “றஸ்மி நானா நல்ல மனிசன் புள்ள. அவர நம்பு.” அதற்கு முன்னால், பழுதான போனை என்னிடம் திருத்தக் கொடு என்று ஏதோ சொல்லியிருந்தான், அதை மட்டும்தான் எடுத்துவிட்டேன். மற்றபடி, சேர், அது அவன் மனதாரச் சொன்னது.