முன் படலையில் நிற்பேன்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் இளையதம்பி அவர்களே, மனைவியை இழந்த துயரில் அமர்ந்திருக்கும் திரு. பஞ்சலிங்கம் அவர்களே, உரும்பிராயிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எழுதி வந்த தாளைப் பார்த்துத்தான் பேசுகிறேன். பொறுத்தருள வேண்டும்.

தலைவர் என்னைக் 'குடும்ப நண்பர்' என்று அறிமுகம் செய்தார். அதைத் திருத்தாமல் இறங்கிவிடலாமா என்று இவ்வளவு நேரமும் யோசித்தேன். உளவளத்துணையாளர் திருமதி பத்மாசினி பஞ்சலிங்கம் அவர்களுக்கு நான் நண்பன் அல்ல. நான் அவரிடம் வந்த நோயாளி.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கோயில் திருவிழாவை ஒற்றை ஆளாக நடத்தினேன். பத்து நாளும் ஓட்டம்! ஊர் எனக்குப் பொன்னாடை போர்த்தியது. இரண்டு மாதத்தில் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் போனேன். கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். என் மனைவி மகாதேவி, அம்மையார் வீட்டுப் பின் படலையால், தெருவில் யாரும் காணாத பின்வாசலால், என்னைக் கூட்டிச் சென்றார். எல்லோரும் அந்த வழியால்தானே போனோம்?

அம்மையார் கேட்டார்: "கதிரவேலு அண்ணை, பொன்னாடை போத்தின கிழமை எவ்வளவு நித்திரை கொண்டனீங்கள்?"

"அப்ப நான் நல்லாத்தானே இருந்தன், பிள்ளை."

"நான் அதைக் கேக்கேல்லை."

மகாதேவி குறுக்கிட்டார். "ஒரு இரவுக்கு ஒண்டரை மணித்தியாலம், பிள்ளை. எங்களையும் படுக்க விடேல்லை!"

நாம் கொண்டாடிய பத்து நாள் வேகமும் பிறகு வந்த முடக்கமும் ஒரே நோய்தான் என்று அன்று விளங்கியது. அம்மையார் என்னை வைத்தியரிடம் அனுப்பி மருந்து எடுக்க வைத்தார். இந்த நோயில் பரம்பரை, இழப்பு, நினைக்கும் பழக்கம் எல்லாம் பின்னிக் கிடக்கும், ஒன்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் என்றார். "நான் எல்லாருக்கும் பாரம்" என்று அழுதபோது, நில அளவையாளனான என்னிடம் கேட்டார்:

"நாப்பது வருசத்திலை அளக்காமல் ஒரு எல்லைக்கல்லெண்டாலும் நட்டனீங்களோ?"

"இல்லை, பிள்ளை."

"உந்தப் 'பாரம்' எண்ட கல்லை மட்டும் அளக்காமல் நட்டிட்டியள்!"

அன்றிலிருந்து அளக்கிறேன். நித்திரை, பசி, மனம் மூன்றையும் நாள்தோறும் கொப்பியில் குறிக்கிறேன். சனிக்கிழமைகளில் என்னைப் போன்ற சிலர் அவர் வீட்டில் கூடுவோம்; அப்போது அவர் கொப்பியைப் பார்ப்பார்.

இனி யார் பார்ப்பது? மாரடைப்பு அவரைக் கொண்டுபோய் இன்று ஒன்பதாம் நாள். நான் மூன்று மணித்தியாலம்தான் உறங்குகிறேன். முற்றத்தில் நடக்கிறேன், இருக்கிறேன், மறுபடி நடக்கிறேன். இது துக்கமா, நோயா? துக்கத்தின் நடுவிலும் ஒரு தேநீர் ருசிக்கும், நோயில் அதுவும் ருசிக்காது என்று அவர் சொல்லுவார். இன்று காலை ருசித்தது. ஆனாலும் என் கணிப்பை நான் நம்பவில்லை. நாளை வைத்தியரிடம் கொப்பியைக் கொண்டுபோகிறேன். மறைத்துக்கொண்டு போகமாட்டேன்.

இந்த மண்டபத்தில் பின் படலையால் வந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் நான் திரும்பவில்லை, பயப்பட வேண்டாம். பிள்ளைகளின் கலியாணப் பேச்சு குழம்பும் என்ற பயம் எனக்கும் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அம்மையாரே! உங்கள் சனிக்கிழமைக் கூட்டம் நிற்காது. திரு. பஞ்சலிங்கம் அவர்கள் வீட்டு முன் விறாந்தையைத் தருவதாகச் சொல்லிவிட்டார். வேறொரு துணையாளர் கிடைக்கும்வரை, வருபவர்கள் இருக்கக் கதிரைகளை நான் போடுவேன். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்டுக்கொண்டிருப்பேன்.

வரும் சனிக்கிழமை நாலு மணிக்கு முன் படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். எந்தப் படலையால் வந்தாலும் வாருங்கள். வந்து, யாராவது ஒருவர் என்னிடம் கேளுங்கள்: "அண்ணை, நேற்று எவ்வளவு நித்திரை கொண்டனீங்கள்?"