நாற்பது வால்வுகளைக் கழற்றவைத்த நாகஜோதி அம்மையாருக்கு

முல்லையாற்றங்கரையில் பிறந்து, முகமறியா மாலுமிகளின் மூச்சுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் காவலிருந்த முதுநிலைப் பரிசோதகரே! உத்தமபாளையம் தந்த உறுதியே! எங்கள் ஜோதியக்கா! இன்று பணி நிறைவு காணும் தங்களுக்கு வணக்கம்.

நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் முடங்கினால், உள்ளிருப்பவர் மார்பில் கட்டி மூச்சு வாங்கியபடியே மேலே வந்து தப்பிக்க உதவும் கருவி, பழனிசெட்டிபட்டியிலுள்ள நம் பணிமனையைவிட்டுத் தங்கள் கையெழுத்தின்றி ஒருநாளும் வெளியேறியதில்லை. தங்களிடம் திட்டு வாங்காதவர் இங்கு எவருமில்லை. திட்டிய கையோடு தேநீர் வாங்கித் தராமல் தாங்கள் விட்டதுமில்லை.

அந்த ஆயுத பூஜையை மறப்போமா! சேமிப்பறை ஈஸ்வரபாண்டி வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். இரும்பில் ஒட்டட்டுமென்று குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, அனுப்பத் தயாராயிருந்த நாற்பது கருவிகளின் ஆக்சிஜன் வால்வுக்கும் பக்தியோடு பொட்டு வைத்துவிட்டார். பூஜைத்தட்டோடு கும்பிட்டு நிமிர்ந்தால், எதிரே தாங்கள் நின்றீர்கள்.

“ஏலே, எண்ணெய் பட்ட வால்வுல ஆக்சிஜனைத் திறந்தா தீப்பிடிக்கும்யா! சாமிக்கு வைக்கச் சொன்னா நெருப்புக்குல்ல பொட்டு வச்சிருக்க!”

முதலாளி தங்கபாண்டி பதறினார். “வாசல்ல லாரி நிக்குதும்மா, நேவிக்காரவுக காத்திருக்காக. துணியால தொடச்சு ஏத்துங்க. இவன் நாளையிலிருந்து வரவேணாம்.”

“தொடச்சாப் போகாது முதலாளி. கடலடியில இதைக் கவ்வி மூச்சு வாங்கப்போறது யாரு பெத்த பிள்ளையோ! லாரி நிக்கட்டும். கழட்டிக் கழுவ இவனும் வேணும்.”

ஆஹா! ஈஸ்வரபாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு நாள், நாற்பது வால்வுகளும் மரை மரையாகக் கழன்றன. பதினேழாவதன், துணி எட்டாத உட்புறத்தில் குங்குமச் சிவப்பு தெரிந்தது. அதைக் கண்ட முதலாளி சட்டைக்கையை மடக்கிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு, ‘பரிசோதனைப் பிரிவின் பொறுப்பு’ என்று எழுதித் தாங்களே கையொப்பமிட்டீர்கள். ஈஸ்வரபாண்டியின் பெயர் அதில் எங்குமில்லை. அன்று அவர் சேமிப்பறைக்குள் நின்று அழுதது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கறாரிலும் கனிவு காத்த எங்கள் தலைமகளே! குச்சனூர் சனீஸ்வரர் தங்கள் பக்கம் திரும்பாமல் தயவு காட்ட, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி நோயின்றி நூறாண்டு வாழ்க!

நாளை தங்கள் நாற்காலியில் அமர்பவர், தங்களிடமே பரிசோதனை பயின்ற ஈஸ்வரபாண்டி. இம்மடலின் மரச்சட்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தவரும் அவரே. வைத்த கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வால்வுப் பக்கம் போனார், அக்கா.

தங்களிடம் திட்டு வாங்கித் தேறிய,
முல்லை மூச்சுக்கருவிப் பணிமனை ஊழியர்கள்,
பழனிசெட்டிபட்டி.