காரிடம் சொன்ன ‘போயிட்டு வாரேன்’

“காரப் பாத்து யாராச்சும் ‘போயிட்டு வாரேன் சாமி’ம்பாங்களா?”

சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகும் பஸ். முன்சீட்டு அம்மாள் குலுங்கிச் சிரித்தார். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தங்கள் பழைய அம்பாசிடர் காரை விற்றுவிட்டுக் கணவரோடு வீடு திரும்புகிறார்.

“முப்பது வருசம் ஓட்டுன வண்டி. ‘போறேன்’னு மொட்டையாவா சொல்றது?” என்ற கணவர் சட்டைப்பையைத் தடவினார். துள்ளி எழுந்தார். “ஏம்புள்ள, ஊட்டுச் சாவியும் கார் சாவிக் கொத்தோடயே போயிருச்சு! எறங்கு, திரும்பிப் போலாம்!”

முகமெல்லாம் பல்லாகக் கண்டக்டரிடம் ஓடினார்.

“இன்னொரு சாவி இல்லீங்களா?” என்றார் பக்கத்துப் பெண்.

“இருக்குதுங்க, என்ற பையிலயே,” அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “ஆனா வாரேன்னு சொல்லிப்போட்டாரே. போவோணுமில்லீங்க?”